16 கோரை முந்திய 8 கோர்... கேமிங் பிசி வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

கேமிங் பிசி வாங்கக் கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது, "இதுல 16 கோர் இருக்கு சார்" என்பதுதான். கோர் கூடினால் விலையும் கூடும். ஆனால் கேமும் அதே அளவுக்கு வேகமாக ஓடுமா? பெரும்பாலும் இல்லை. ஏன்?

கோர் என்றால் என்ன?

ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை பார்க்கும் பகுதிதான் கோர். வீடியோ ரெண்டரிங் போன்ற வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து எல்லா கோருக்கும் கொடுத்துவிடலாம். கேம் அப்படியில்லை. நீங்கள் பட்டனை அழுத்தணும், கேரக்டர் நகரணும், சுவரில் மோதியதா என்று பார்க்கணும். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால், ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி செகண்ட்தான். வேலையில் பாதியைப் பிரிக்க முடியாது என்றால், எத்தனை கோர் போட்டாலும் வேகம் இரண்டு மடங்கைத் தாண்டாது.

2011-ல் என்ன நடந்தது?

அந்த ஆண்டு ஏஎம்டி, 8 கோர் கொண்ட எஃப்எக்ஸ்-8150 ப்ராசஸரை வெளியிட்டது. ஆனால் பெரும்பாலான கேம்களில், இன்டெலின் 4 கோர் ஐ5-2500கே அதை முந்தியது. காரணம், ஏஎம்டியின் ஒவ்வொரு கோரும் தனியாகப் பார்த்தால் வேகம் குறைவு.

கிகாஹெர்ட்ஸ் அதிகமா இருந்தா போதுமா?

அதுவும் போதாது. 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி, 8 கோர், அதிகபட்சம் 4.5 கிகாஹெர்ட்ஸ். அதே குடும்பத்தின் 5950எக்ஸ், 16 கோர், 4.9 கிகாஹெர்ட்ஸ். இருந்தும் பல கேம்களில் ஜெயித்தது 8 கோர்தான். அதில் 96 எம்பி எல்3 கேஷ் இருப்பதால், ஒவ்வொரு தகவலுக்கும் ரேம் வரை போய்க் காத்திருக்கும் நேரம் குறைகிறது.

அப்போ 4 கோர் போதுமா?

போதாது. 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலுமே 8 கோர். பெரிய கேம்கள் இவற்றை மனதில் வைத்தே உருவாகின்றன. அதனால் பழைய 4 கோர் ப்ராசஸர்களில் புதிய கேம்கள் திக்கித் திணறி ஓடலாம்.

என்ன வாங்கலாம்?

- கேம் மட்டும் என்றால், புதிய தலைமுறை 6 அல்லது 8 கோர் பெரும்பாலானோருக்குப் போதும். மிச்சமாகும் பணத்தை கிராஃபிக்ஸ் கார்டில் போடுங்கள்.
- 4கே-யில் ஆடினால் வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிராஃபிக்ஸ் கார்டுதான். 1080பி-யில் அதிக ஃபிரேம் ரேட் வேண்டுமென்றால் ப்ராசஸரின் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.
- வீடியோ எடிட்டிங், ரெண்டரிங் தொழிலும் உண்டா? அப்போது 12, 16 கோருக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

வாங்கும் முன், நீங்கள் ஆடும் கேமின் பெயரைப் போட்டு பெஞ்ச்மார்க் பாருங்கள். சராசரி எஃப்பிஎஸ் மட்டுமல்ல, '1% லோ' எண்ணையும் பாருங்கள். கேம் எவ்வளவு திக்கும் என்பதைச் சொல்வது அதுதான். பெட்டியில் அச்சடித்த கோர் எண்ணிக்கை அல்ல.