வீட்டு வைஃபை ரவுட்டரில் விபிஎன் போடலாமா? பணம் கட்டும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் மாதிரி ஊரிலும் இன்று ஒரே வைஃபையில் வீடே ஓடுது. அப்பாவின் யுபிஐ, அம்மா பட்டுச்சேலை போட்டோ அனுப்பும் வாட்ஸ்அப் குரூப், மகளின் ஆபீஸ் லேப்டாப், ஹாலில் ஸ்மார்ட் டிவி, வாசலில் சிசிடிவி. "ரவுட்டரிலேயே விபிஎன் போட்டா எல்லாத்துக்கும் சேர்த்துப் பாதுகாப்பு" என்ற விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அது பாதி உண்மை. மீதி பாதியில்தான் விஷயமே இருக்கு.

விபிஎன் என்ன செய்யுது?

நம் வீட்டிலிருந்து கிளம்பும் டேட்டாவைப் பூட்டி, விபிஎன் நிறுவனத்தின் சர்வர் வரை கொண்டுபோகும் சுரங்கப்பாதைதான் விபிஎன். நீங்கள் எந்த இணையதளத்துக்குப் போகிறீர்கள் என்பது இன்டர்நெட் கொடுக்கும் நிறுவனத்துக்குத் தெரியாது. ஆனால் அதே தகவல் இப்போது விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும். அதாவது பார்க்கும் ஆள் மாறுகிறார், அவ்வளவுதான். கூகுள் கணக்கில் லாகின் செய்துவிட்டால் கூகுளுக்கு நீங்கள் யார் என்று தெரியத்தான் செய்யும். போலி வங்கி லிங்க்கை அழுத்தினால் விபிஎன் வந்து தடுக்காது.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்லுது?

விபிஎன் பயன்படுத்துவதற்கு நாடு முழுவதும் தடை கிடையாது. ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் நிர்வாகம் அவ்வப்போது தற்காலிகத் தடை போடுகிறது.

பெரிய மாற்றம் வந்தது 2022-ல். மத்திய அரசின் கணினி அவசர நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன், ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், கொடுக்கப்பட்ட ஐபி முகவரி, எதற்காக வாங்கினார் என்பதையெல்லாம் பதிவு செய்து, அவர் சேவையை நிறுத்திய பிறகும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அலுவலகங்கள் தங்கள் ஊழியர்களுக்காக வைத்திருக்கும் விபிஎன்களுக்கு இது பொருந்தாது என்று பிறகு விளக்கம் வந்தது. ஆக, மகளின் ஆபீஸ் லேப்டாப்பில் இருப்பது வேறு, நாம் காசு கட்டி வாங்குவது வேறு.

இந்த உத்தரவை ஏற்காமல் எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் ஆகியவை இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. எக்ஸ்பிரஸ்விபிஎன் அப்போது என்ன செய்தது தெரியுமா? சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் சர்வரை வைத்துக்கொண்டு இந்திய ஐபி முகவரியைக் கொடுத்தது. மெனுவில் 'இந்தியா' என்று இருந்தாலும் உங்கள் டேட்டா கடல் தாண்டிப் போய்வரலாம். வேகம் குறைய இதுவும் ஒரு காரணம்.

சரி, ரவுட்டரில் போட முடியுமா?

ஃபைபர் கனெக்‌ஷனோடு கொடுக்கும் பெட்டிகள் பலவற்றில் இந்த வசதி இருக்காது. மெனுவில் 'விபிஎன் பாஸ்த்ரூ' என்று இருந்தால் ஏமாந்துவிட வேண்டாம். வேறு சாதனத்தில் ஓடும் விபிஎன்னை வழிவிடுவது மட்டுமே அதன் வேலை. தேவை 'விபிஎன் கிளையன்ட்'. அது இல்லையென்றால் அந்த வசதியுள்ள இரண்டாவது ரவுட்டரை வாங்கி, பழைய பெட்டியோடு கேபிளில் இணைக்க வேண்டும்.

'விபிஎன் சர்வர்' என்ற பெயரிலும் ஒரு மெனு இருக்கும். அது தலைகீழ். வெளியூரில் இருந்து நம் வீட்டு நெட்வொர்க்குக்குள் வருவதற்கானது. வாசல் சிசிடிவியை வெளியில் இருந்து பார்க்க நல்ல வழிதான். ஆனால் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் கனெக்‌ஷன்களில் நேரடியாக வேலை செய்யாது.

செட்டிங் பெரிய வித்தை இல்லை. போன் பிரவுசரில் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து (பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1), முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றணும். பிறகு விபிஎன் நிறுவனத்தின் தளத்தில் இருந்து கான்ஃபிக் ஃபைலை இறக்கி, கிளையன்ட் மெனுவில் ஏற்றணும். ஓபன்விபிஎன், வயர்கார்டு இரண்டும் இருந்தால் வயர்கார்டே மேல். ரவுட்டரில் இருப்பது சின்ன பிராசஸர். ஓபன்விபிஎன் அதைத் திணறடிக்கும், 100 எம்பிபிஎஸ் லைன் பாதிக்கும் கீழே இறங்கினாலும் ஆச்சரியமில்லை.

எல்லா சாதனத்தையும் உள்ளே தள்ளாதீங்க

வெளிநாட்டு ஐபியில் இருந்து வந்தால் வங்கி ஆப் சந்தேகப்படும், லாகினைத் தடுக்கவும் செய்யும். ஓடிடி தளங்கள் பல விபிஎன்னைக் கண்டாலே படத்தை நிறுத்திவிடும். ஆபீஸ் லேப்டாப்பில் ஏற்கெனவே ஒரு விபிஎன் ஓடுவதால் சுரங்கத்துக்குள் சுரங்கமாகி மீட்டிங் தடுமாறும். எந்தெந்த சாதனம் விபிஎன் வழியாகப் போகணும் என்று தேர்வு செய்யும் வசதி உள்ள ரவுட்டராகப் பார்த்து வாங்கணும். யுபிஐ ஓடும் போன், டிவி, ஆபீஸ் லேப்டாப் மூன்றையும் கழித்துப் பார்த்தால், பல வீடுகளில் விபிஎன்னுக்கு மிச்சம் இருப்பது ஒன்றிரண்டு சாதனம்தான். அதற்கு போனிலேயே ஆப் போட்டால் போதுமே!

இலவச விபிஎன்?

வேண்டவே வேண்டாம். 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை '911 எஸ்5' என்ற பாட்நெட்டை முடக்கியது. மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன் போன்ற இலவச ஆப்கள் மூலம் உலகம் முழுவதும் 1.9 கோடி ஐபி முகவரிகள் அதில் சிக்கியிருந்தன. ஆப் போட்டவரின் இணைப்பு வழியாக வேறு யாரோ மோசடி செய்தார்கள். அதில் பதிவாவது மோசடிக்காரரின் ஐபி அல்ல, ஆப் போட்டவர் வீட்டு ஐபி.