அரிப்பு என்னும் அறிவிப்பு

நுளம்பு கடித்துவிட்டு எப்போதோ பறந்துவிட்டது. கடித்த இடத்தைப் பிள்ளையின் விரல்களோ விட்டபாடில்லை. "சொறியாதே!" என்று தாய் அதட்டுகிறாள். அவள் அப்பால் சென்றதும் பிள்ளை மீண்டும் சொறிகிறது. இதனைப் பிடிவாதம் என்று கொள்வது சரியன்று.

சொறியவேண்டும் என்னும் ஆவலை எழுப்பும் வேண்டாத உணர்ச்சியே அரிப்பு என 1660ஆம் ஆண்டில் ஜேர்மன் வைத்தியர் சாமுவேல் ஹாபென்ரேபர் இலக்கணம் வகுத்தார். நோவின் சிறு வடிவமே அது என நெடுங்காலம் பலர் எண்ணினர். ஆனால், நெருப்புச் சுட்டால் கையை விலக்குகிறோம். அரித்தாலோ கையை அவ்விடத்திற்கே கொண்டுசெல்கிறோம். இரண்டும் ஒன்றாகுமா?

நுளம்பின் உமிழ்நீர் தோலினுட் புகுந்ததும், அங்குள்ள காவற்கலங்கள் ஹிஸ்டமீன் என்னும் பொருளை வெளிவிடுகின்றன. அது மிக நுண்ணிய நரம்பிழைகளைத் தூண்டுகிறது. இவ்வாறு அரிப்பை உணர்த்தும் இழைகள் மனிதத் தோலில் உள்ளன என்பதை 1997இல் ஜேர்மனியில் மார்ட்டின் ஷ்மெல்ஸ் குழுவினர் காட்டினர். 2007இல் அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரில் நடந்த ஆய்வில், முண்ணாணில் உள்ள ஓர் ஏற்பி இல்லாத சுண்டெலிகள் வெகு குறைவாகவே சொறிந்தன. நோவை மட்டும் வழமைபோல் உணர்ந்தன.

சொறிந்தால் சுகம் பிறப்பது ஏன்? நகம் தரும் சிறு நோவு, அரிப்பின் செய்தியை முண்ணாணில் அடக்கிவிடுகிறது. ஆனால் கீறுண்ட தோல் அழன்று மீண்டும் அரிக்கும். சுகமே வினையாகும் விந்தை இது!

அரிப்புக்கெல்லாம் ஹிஸ்டமீனே காரணம் அன்று. சிறுநீரகமோ ஈரலோ பழுதுற்றோருக்குத் தோலில் ஒரு தடிப்பும் இன்றியே உடலெங்கும் அரிக்கலாம். ஹிஸ்டமீனை அடக்கும் வழக்கமான குளிசைகள் அவர்களுக்குப் பெரிதும் உதவுவதில்லை. கண்ணுக்கு ஒன்றும் புலப்படாமையால், வீட்டார் அதனை மனப்பிரமை என்று தள்ளிவிடுகின்றனர். இரவெல்லாம் உறக்கமின்றி வருந்தும் முதியவருக்கு அச்சொல் அரிப்பினுங் கொடிதன்றோ?

ஆகவே, பிள்ளையை அதட்டுவதை விடுத்து, அதன் நகங்களை வெட்டிவிடுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை அரிக்கும் இடத்தில் வையுங்கள். ஆறு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் அரிப்பையோ, காரணம் தெரியாமல் உடலெங்கும் பரவும் அரிப்பையோ வைத்தியரிடம் காட்டத் தவறாதீர்கள். அரிப்பு உடல் தரும் அறிவிப்பு. அதற்குச் செவிசாய்ப்பதே அறிவுடைமை.