விதையும் கிளையும்

கோயில் முற்றங்களிலும் பழைய தோட்டங்களிலும், நடுவே மஞ்சள் தோய்ந்த வெண்ணிறப் பூக்களைச் சொரிந்து நிற்கும் மரம் ஒன்று உண்டு. அதனை ஈழத்தலரி என்பர். மெக்சிக்கோவும் நடு அமெரிக்காவும் கரிபியன் தீவுகளும் அதன் தாயகம். பிரெஞ்சு நாட்டுத் தாவர அறிஞர் சார்லஸ் புளூமியே (1646–1704) என்பாரின் நினைவாக, அறிவியலார் அதற்குப் 'புளூமேரியா' என்று பெயரிட்டனர். நம் வீட்டு அரளியும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே.

இம்மரத்தை வளர்க்கும் வழிகள் இரண்டு. ஒன்று, கிளையை வெட்டி, வெட்டுவாயில் பால் வற்றிக் காயும்வரை நிழலில் வைத்திருந்து நடுதல். மற்றொன்று, விதையிடுதல். கிளை ஓரிரண்டு ஆண்டுகளில் பூக்கும். தாய்மரத்தின் நிறமும் மணமும் மாறாமல் தரும். விதையில் எழுந்த கன்றோ பூப்பதற்குப் பெரும்பாலும் 3 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். ஆதலின், "கிளை இருக்க விதை எதற்கு?" என்று கேட்பவர் பலர். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. விரைவில் பூ வேண்டுவோர் கிளையையே நடுக. ஆயினும், பள்ளித் தோட்டத்தில் ஒரு பாத்தியேனும் விதைக்கு ஒதுக்குதல் வேண்டும் என்பது என் கருத்து.

ஏன்? கிளையிலிருந்து வருவது பழைய மரமே. அது வேறோர் இடத்தில் நிற்கிறது, அவ்வளவே. விதையிலிருந்து வருவதோ முன்பு இல்லாத புதிய மரம். ஒரே காயில் பிறந்த விதைகளுள்ளும் ஒன்று வெண்மையாகவும் மற்றொன்று செம்மை கலந்தும் பூக்கக்கூடும். இன்று நாம் விரும்பி நடும் அழகிய வகைகளுள் பல, என்றோ ஒருவர் விதையிட்டுக் காத்திருந்ததன் பயனாகும். எல்லாரும் கிளையையே நாடியிருப்பின் அவை தோன்றியிரா.

காத்திருத்தல் சோம்பியிருத்தல் அன்று. மாட்டுக் கொம்புபோல் இரட்டையாய் வளரும் காய் முற்றி வெடிக்கப் பல மாதங்கள் ஆகும். அதனுள் இருக்கும் விதைகளுக்கு மெல்லிய சிறகு உண்டு. சிறகு மேலே தெரியும்படி, நீர் தேங்காத மண்ணில் ஊன்றினால், ஓரிரு வாரங்களில் முளை தோன்றும். பின்னர் நல்ல வெயிலும் அளவான நீரும் வேண்டும். பனிக்காலத்தில் இலைகள் உதிர்ந்து தண்டு வெறுமையாய் நிற்கும். பட்டுவிட்டதோ என்று அஞ்சி நீரைப் பெருக்குவோர் வேரை அழுகச் செய்வர். செடி உறங்குகிறது என்று அறிந்து பொறுப்பவரே அதனைக் காப்பர்.

ஒன்பதாம் வகுப்பில் விதையிடும் மாணவர், பூ மலருமுன்னரே பள்ளியை விட்டுச் செல்ல நேரலாம். "நாம் காணாத பூவுக்கு நாம் ஏன் நீர் ஊற்ற வேண்டும்?" என்னும் எண்ணம் எழுதல் இயல்பே. மாணவர்களே, நீங்கள் இளைப்பாறும் வேம்பையும் புளியையும் நட்டவர் யார்? அவர் உங்களை அறியார். நீங்களும் அவரை அறியீர். நிழல் மட்டும் உங்களிடம் வந்து சேர்ந்துள்ளது.

காத்திருந்து கண்ட பூ எளியதாகவும் இருக்கலாம். அதனால் உழைப்பு வீணாகாது. ஈழத்தலரியின் தண்டு பெரும்பாலும் முதற்பூ பூத்த பின்னரே கிளைவிடும். அக்கிளைகளை வெட்டி நட, பின்னர்ப் பலர் வருவர். அவர்களுக்குக் கிளை கிடைக்க வேண்டுமாயின், இன்று ஒருவர் விதையிட வேண்டும் அன்றோ?