கங்காருவின் வாலும் தொழிலாளியின் தலையும்

ஒரு லட்சம் கோடி ரூபாய்! ஒன்று எழுதி அதன் பின்னால் பன்னிரண்டு சுன்னம் போட வேண்டும். 2025 ஜூலை முதல் தேதி டில்லி மந்திரி சபை இத்தொகைக்கு ஒப்புதல் தந்தது; நவம்பரில் திட்டம் தடபுடலாகத் தொடங்கிவைக்கப்பட்டது. ஆராய்ச்சிக்காம். யார் செய்யும் ஆராய்ச்சிக்கு? தனியார் கம்பெனிகள் செய்யும் ஆராய்ச்சிக்கு. நீண்ட தவணை, குறைந்த வட்டி. சிலருக்கு வட்டியே கிடையாது. பாங்கியில் பத்தாயிரம் ரூபாய் கடன் கேட்டு நடையாய் நடக்கும் தோழர்கள் இச்செய்தியைப் பார்த்திருப்பார்கள். நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பியும் இருப்பார்கள். இம்முறை திருப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

திருவான்மியூரில் குடியிருக்கும் தொழிலாளி வேலைக்குப் போகிற வழியில் எத்தனை மதில்களைக் கடக்கிறான்! தரமணிப் பக்கம் திரும்பினால் கணித விஞ்ஞான நிலையம். சர்தார் படேல் சாலையில் ஏறினால் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், ஐ.ஐ.டி., கிண்டிப் பல்கலைக்கழக வளாகம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் நீலாங்கரையில் இறால்களுக்கென்றே ஒரு நிலையம். இன்னும் போனால் முட்டுக்காட்டில் உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சிப் பண்ணை. அத்தனையும் நம் வரிப்பணத்தில் எழுந்தவை. தீப்பெட்டியிலும் சோப்பிலும் நாம் கொடுக்கும் வரி அந்தச் செங்கற்களில் இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்கு யாரும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. இன்று கேட்போம்.

1952இல் ஜி.என். ராமச்சந்திரன் என்ற இளைஞர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவராக வந்தார். வயது முப்பது நிரம்பவில்லை. அந்தப் பதவிக்கு சர் சி.வி. ராமனைத்தான் முதலில் அழைத்தார்கள். அவர் தாம் வராமல் தம் மாணவரைக் கைகாட்டினார். துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் தயங்காமல் எடுத்துக்கொண்டார். அச்சமயம் கிண்டிக்கு வந்துபோனார் இங்கிலாந்தின் ஜே.டி. பெர்னால். உலகறிந்த விஞ்ஞானி, பொதுவுடைமைவாதி, விஞ்ஞானம் சமுதாயத்துக்குச் செய்ய வேண்டிய கடமையைப் பற்றி வாழ்நாளெல்லாம் எழுதியவர். கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் கட்டி நிறுத்துகிற நார் அது. நம் உடம்பிலும் அதுதான், செருப்புத் தைக்கிற தோலிலும் அதுதான்.

ராமச்சந்திரன் கொலாஜனுக்கு எங்கே போனார்? சீமைக்குப் போகவில்லை. அருகிலேயே தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த ஸ்தாபனம் மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் பதனிடும் தொழிலுக்காக ஏற்பட்டது. சென்னை ராஜ்யத்தின் தோல் கிடங்குகளில் சுண்ணாம்புக் குழியில் நின்று கால் வெந்த தொழிலாளிகளின் தொழில் அது. அங்கிருந்து வந்தது கங்காருவின் வால் தசைநாண். சுத்தமான கொலாஜன் அதில் கிடைக்கும். அதன்மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, விழுந்த புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து, 1954இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் லண்டன் 'நேச்சர்' ஏட்டில் வெளியிட்டார்கள்: மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட கயிறு அது! கயிறு திரிக்கிற குடும்பத்துப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நுணுக்கங்களில் சீமைக்காரர்கள் பிற்பாடு திருத்தம் செய்தார்கள். மூவிழைக் கயிறு என்ற அடிப்படை நின்றது.

கதை இங்கே முடிந்திருந்தால் தோல் வியாபாரத்தோடு போயிருக்கும். முடியவில்லை. எக்ஸ்ரே நிழலிலிருந்து பொருளின் உருவத்தைத் திரும்பக் கட்டுவது எப்படி என்ற கேள்வி அவரை விடவில்லை. சாதாரண எக்ஸ்ரே படம் ஒரு நிழல். சுவரில் விழும் நிழலைப் பார்த்து ஆளின் மூக்கு எங்கே, முதுகு எங்கே என்று சொல்ல முடியுமா? முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தாலும் எலும்பின் நிழல் அதை மறைத்துவிடும். ஒரே தலையைச் சுற்றிச் சுற்றி நூறு கோணத்தில் நிழல் எடுத்தால்? நூறு நிழலையும் வந்த வழியே திருப்பிப் பரப்பினால் உருவம் வரும். ஆனால் மழையில் நனைந்த சுவரொட்டி போல மசமசவென்று வரும். அதைத் தெளிவாக்கும் கணக்கு உண்டு. அந்நாள் கணக்கு யந்திரங்களை அது திணற அடித்தது. 1971இல் ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் ஒரு சுருக்கு வழி கண்டார்கள். ஒவ்வொரு நிழலையும் முதலில் ஒரு வாய்பாட்டில் சலித்துவிடு, பிறகு பரப்பு. படம் தெளிவாகவும் வரும், சீக்கிரமாகவும் வரும். வானொலி அலைகளைக் கொண்டு விண்ணை ஆராய்ந்தவர்கள் 1967இலேயே இதே வகைக் கணக்கைத் தொட்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பெருமைக்காக ஒன்றைக் கூட்டிச் சொல்வது நம் வழக்கமில்லை.

அதே 1971 அக்டோபர் முதல் தேதி, லண்டனுக்கு அருகே ஒரு ஆஸ்பத்திரியில் முதல் நோயாளியின் தலையை சி.டி. ஸ்கேன் யந்திரம் படம் பிடித்தது. செய்தது ஈ.எம்.ஐ. கம்பெனி, கிராமபோன் இசைத்தட்டு விற்ற அதே கம்பெனி! அந்த முதல் யந்திரத்தின் கணக்கு வேறு. ஆனால் வெகு சீக்கிரத்தில் உலகத்து ஸ்கேன் யந்திரங்களெல்லாம் சலித்துப் பரப்பும் முறைக்கு மாறின. பல பத்தாண்டுகள் அதுதான் ஓடியது. 1979இல் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மக்குக்கும் போயிற்று. அவர்கள் தகுதியுள்ளவர்களே. ராமச்சந்திரன் 2001இல் சென்னையில் காலமானார். அவர் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

இப்போது நாம் கேட்கிறோம்: சாரத்திலிருந்து தவறி விழுந்த கட்டடத் தொழிலாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோமே, அவன் தலைக்குள் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க எவ்வளவு ஆகிறது? தனியார் இடங்களில் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். ராஜ்யத்தின் மருத்துவப் பணிகள் கழகம் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் மையங்கள் வைத்துப் பல ஆண்டுகள் ஐந்நூறு ரூபாய்க்கு சி.டி. எடுத்துக் கொடுத்தது. இது சாதாரண சாதனையல்ல.  ஆனாலும் யந்திரம் எங்கிருந்து வருகிறது? ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும். கணக்கில் கைவைத்தவன் நம் ஊர்க்காரன். யந்திரத்துக்கு விலை கொடுப்பவனும் நாம்! காந்த ஸ்கேன் யந்திரம் ஒன்றை உள்நாட்டிலேயே செய்ய 'சமீர்' என்ற மத்திய சர்க்கார் ஆராய்ச்சிக் கழகம் முயன்று, 2025இல் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியோடு சோதனைக்கு ஒப்பந்தம் போட்டது. அக்கழகத்தின் ஒரு கிளை நம் தரமணியில்தான் இருக்கிறது. 1971க்கும் 2025க்கும் நடுவே ஐம்பத்துநான்கு ஆண்டு. விஞ்ஞானிக்கு மூளை இல்லாததால் வந்த தாமதமா இது?

இறாலுக்கு வருவோம். 1990களில் கடலோரத்து நெல் வயல்களை வளைத்துப் போட்டு இறால் பண்ணை வெட்டினார்கள். குடிநீர் உப்பாயிற்று, கூலி விவசாயி வேலையிழந்தான். நாகைப் பக்கம் சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் வழக்குப் போட்டு, 1996 டிசம்பர் 11ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கினார். அதற்குள் வெண்புள்ளி நோயும் வந்து பண்ணைகளைத் துடைத்துவிட்டது. லாபம் கண்டவன் பெட்டியைக் கட்டினான். உப்பேறிய நிலம் ஊர்க்காரனிடம் நின்றது. 2009இல் வன்னாமை என்ற பசிபிக் கடல் இறாலுக்கு அனுமதி கொடுத்தார்கள். அதன் தாய் இறால்கள் விமானத்தில் வந்திறங்கி, நீலாங்கரை நிலையத்தில் தனியே அடைத்து வைக்கப்பட்டு, நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் குஞ்சுப் பொரிப்பகங்களுக்குப் போகின்றன. அந்தக் காவல் நல்ல காவல்தான். ஆனால் விதை அயலான் கையில். சந்தையும் அயலான் கையில். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா ஐம்பது சதவீத வரி போட்டதும் ஆந்திரக் கரையிலும் நம் கரையிலும் பண்ணைக்காரனும் இறால் உரிக்கும் பெண்களும் என்ன பாடுபட்டார்கள் என்பதை யாரும் மறக்கவில்லை.

முட்டுக்காட்டில் நம் சொந்தக் கடலின் வெள்ளை இறாலை மரபுவழியில் மேம்படுத்த ஒரு வேலை நடக்கிறது. முதற்கட்டத்துக்கு மத்திய சர்க்கார் ஒதுக்கியது சுமார் 25 கோடி ரூபாய். அதே நிலையம்தான் 1997இல் கொடுவாய் மீனைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் காட்டியது. நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. இருபத்தைந்து கோடி எங்கே, ஒரு லட்சம் கோடி எங்கே! கூட்டல் கழித்தல் தெரிந்த தோழர்கள் நாலாயிரத்தால் பெருக்கிப் பார்க்கலாம்.

இன்னொரு இடத்தைப் பார்ப்போம். உதகைக்குப் பக்கத்தில் சாண்டினல்லா என்ற இடத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆட்டுப் பண்ணை இருக்கிறது. நீலகிரி ஆட்டையும் மெரினோ ஆட்டையும் கலந்து சாண்டினோ என்ற கம்பளி இனத்தை உண்டாக்கியவர்கள் அவர்கள். அந்தப் பள்ளத்தாக்கின் சதுப்பில், செடிகொடிகள் மக்காமல் படிந்துபோன கரிய மண் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. அடி ஆழத்து மண் முப்பதாயிரம், நாற்பதாயிரம் ஆண்டுப் பழசு! பெங்களூர் ஆர். சுகுமார், ஆமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்து ஆர். ரமேஷ் முதலானோர் நீலகிரிச் சதுப்பு மண்ணை ஆராய்ந்து 1993இல் 'நேச்சர்' ஏட்டில் எழுதினார்கள். மழை மிகுந்த காலத்துச் செடிக்கும் வறண்ட காலத்துப் புல்லுக்கும் உள்ளே சேரும் கரியணுக்களின் எடைவிகிதம் வேறு. அதை நிறுத்துப் பார்த்தால் இருபதாயிரம் ஆண்டு மழைக்கணக்கு வந்துவிடும். சுமார் பதினோராயிரம் ஆண்டுக்கு முன் பருவமழை ஓங்கியிருந்தது; ஆறாயிரத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன்வரை வறட்சி; அறுநூறு ஆண்டுக்கு முன் சிறிது காலம் ஈரம். மழை மாறும், முன்பும் மாறியிருக்கிறது என்பது இதனால் தெரிகிறது. முன்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மாறியதை இப்போது ஆலைப் புகை ஒரு தலைமுறைக்குள் மாற்றப் பார்க்கிறது என்பதுதான் வேறுபாடு. 2015 டிசம்பரில் அடையாற்றங்கரைக் குடிசைகள் மிதந்தன. 2019 ஜூனில் அதே சென்னையில் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடினோம். 2023 டிசம்பரில் மறுபடி இடுப்பளவுத் தண்ணீர். ஏரியைத் தூர்த்து மனை போட்டவனுக்குச் சதுப்பு மண் எழுதிவைத்த கணக்குப் புரியாது. நமக்குப் புரிய வேண்டும்.

நீலகிரி மண்ணை நிறுக்கக் கற்ற கூடம் எதற்காக ஏற்பட்டது தெரியுமா? 1947இல் விக்ரம் சாராபாய் அண்டவெளிக் கதிர்களை ஆராயத் தொடங்கிய கூடம் அது. அண்டவெளிக் கதிருக்கும் ஆட்டுப் பண்ணைக்கும் என்ன சம்பந்தம்? தொடங்கியபோது ஒன்றுமில்லை. கங்காரு வாலுக்கும் கட்டடத் தொழிலாளியின் தலைக்கும் தொடங்கியபோது சம்பந்தம் இருந்ததா? தரமணிக் கணித நிலையமே மயிலாப்பூரில் அல்லாடி ராமகிருஷ்ணன் வீட்டு மாடியில் கூடிய கூட்டத்திலிருந்து பிறந்து, 1962 ஜனவரியில் சர்க்கார் ஸ்தாபனமாயிற்று. காகிதமும் பேனாவும்தான் அதன் யந்திரங்கள். அங்குள்ளவர்கள் தேனி பொட்டிப்புரத்து நியூட்ரினோ திட்டத்திலும் பங்குகொண்டிருந்தார்கள். 2015இல் டில்லி சுமார் ஆயிரத்து ஐந்நூறு கோடிக்கு அனுமதி கொடுத்தும், மக்கள் எதிர்த்தார்கள்; 2022இல் தமிழ்நாடு சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டிலேயே முடியாது என்றது. மலையையும் காட்டையும் பற்றிய அச்சம் நியாயமானது. விஞ்ஞானிகள் மலையைக் குடைய வருமுன் மக்களிடம் தமிழில் பேச வந்திருக்க வேண்டும் என்பதும் நியாயம்தான்.

இனி அந்த ஒரு லட்சம் கோடி. திட்டத்தின் விதியைப் படித்துப் பார்த்தோம். சோதனைக்கூடத்தில் ஓரளவு நிரூபணமாகி, சந்தைக்குப் போகும் பாதையில் உள்ள வேலைகளுக்கே பணம். அதாவது 1954இல் கங்காரு வாலோடு ராமச்சந்திரன் போய் நின்றிருந்தால் வாசலிலேயே திருப்பியிருப்பார்கள்! சர்க்கார் தரப்பு சொல்வது என்ன? இந்த நாட்டு முதலாளிகள் ஆராய்ச்சிக்குச் செலவழிப்பதில்லை, கடன் கொடுத்தால் செலவழிப்பார்கள் என்கிறார்கள். முதல் பாதி உண்மை. 2020-21 கணக்குப்படி நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போனது 0.64 சதவீதம், அதிலும் தனியார் பங்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். தென் கொரியா நாலு சதவீதத்துக்கு மேல் செலவழிக்கிறது. அங்கே பெரும்பகுதி கம்பெனிகளின் பணம். நம் முதலாளி லாபம் எடுத்தான், ஆராய்ச்சியைச் சர்க்கார் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தான். இப்போது ஆராய்ச்சிக்கும் சர்க்கார் பணம், லாபம் அவனுக்கு என்றால் இதற்குப் பெயர் என்ன?

அடிப்படை ஆராய்ச்சிக்கு வேறு நிதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2023இல் சட்டம் போட்டு ஏற்படுத்திய தேசிய ஆராய்ச்சி நிதியம். ஐந்தாண்டுக்கு ஐம்பதாயிரம் கோடி என்றார்கள்; அதில் சர்க்கார் தருவது பதினான்காயிரம் கோடி, மீதி முப்பத்தாறாயிரம் கோடி வெளியிலிருந்து வருமாம். கம்பெனிகளுக்குக் கொடுப்பது கஜானாவிலிருந்து. பேராசிரியருக்குக் கொடுப்பது கம்பெனி மனமிரங்கினால்! ஆராய்ச்சி மாணவன் உபகாரச் சம்பளத்துக்கு மாதக்கணக்கில் காத்துக்கிடக்கிறான். பரிசோதனைக்கூடத்தைப் பெருக்கும் பெண்ணை கான்ட்ராக்டில் வைத்திருக்கிறார்கள்.

கம்பெனிக்குக் கடன் கொடுப்பதே தவறு என்று நாம் வாதிடவில்லை. கொடுக்கிற பணத்தில் பிறக்கும் யந்திரம் என்ன விலைக்கு எழும்பூர், ராயப்பேட்டை ஆஸ்பத்திரிகளுக்கு வரும்? அதை எழுதி வாங்கினார்களா? காப்புரிமையில் சர்க்காருக்கு எத்தனை பங்கு? பார்லிமெண்டில் நம் பிரதிநிதிகள் இக்கேள்விகளைக் கேட்க வேண்டும். கிளைகள் தீர்மானம் போட்டு அனுப்பட்டும்.

இடையில் ஒரு காரியம். செப்டம்பர் 26ஆம் தேதி மத்திய விஞ்ஞான ஆராய்ச்சிக் குழுவின் அமைப்பு நாள். அதையொட்டித் தோல் ஆராய்ச்சி நிலையம் போன்ற கூடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது வழக்கம். திருவான்மியூர், அடையாறு, வேளச்சேரிக் கிளைத் தோழர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கும்பலாகப் போங்கள். கூச்சப்பட வேண்டாம். கங்காரு வாலைப் பற்றிக் கேளுங்கள், தமிழில் கேளுங்கள்.