சீருடையை அல்ல, பணியைப் பாருங்கள்



முப்படைகளில் சேர விரும்பும் இளம்பெண்கள், சீருடையின் கவர்ச்சியை வைத்துப் படையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தங்களுக்கு எந்தப் பணி திறந்திருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். விமானப்படையில் 2016-லேயே பெண்கள் போர் விமானிகளானார்கள். தரைப்படையின் பீரங்கிப் பிரிவோ 2023-ல்தான் கதவைத் திறந்தது. சென்னை பரங்கிமலையில் பயிற்சி முடித்த ஐந்து பெண் அதிகாரிகள் அதில் சேர்ந்தார்கள். காலாட்படையும் டாங்கிப் படையும் பெண்களுக்கு இன்னும் திறக்கவில்லை. ஆகவே போர்முனைக்குப் போகத் துடிப்பவருக்கும் தகவல் தொடர்பிலோ பொறியியலிலோ நாட்டம் உள்ளவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

"குறுகிய காலப் பணிதானே, அதன்பின் என்ன செய்வாள்?" என்று பெற்றோர் தயங்குவதில் நியாயம் இருந்தது. ஆனால் 2020-ல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தரைப்படைப் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணிக்கு வழிவகுத்தது. தேசியப் பாதுகாப்பு அகாடமியின் முதல் பெண்கள் அணியாக 17 பேர் 2025 மே மாதம் பயிற்சியை முடித்தார்கள். மூன்றாண்டுக் கடும் பயிற்சியைத் தாண்டி வந்தவர்கள் அவர்கள். பெண்ணுக்கு உடல்வலு போதாது என்போருக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? பிளஸ் டூ மாணவிகளுக்கு மூன்று படைகளின் பணிப்பிரிவுகளையும் நுழைவுத் தேர்வுகளையும் பள்ளிகளே எடுத்துச்சொல்ல வேண்டும். விவரம் தெரிந்து எடுக்கும் முடிவுதான் நிலைக்கும்.

– ஒரு வாசகி, மதுரை