பந்தோடு பறந்து வரும் சொற்கள்

விளையாட்டுத் திடலில் பிறக்கும் சொற்கள் திடலோடு நின்றுவிடுவதில்லை. தொலைக்காட்சி வழியாகவும் கைபேசி வழியாகவும் நம் வீட்டுக் கூடத்திற்குள் நுழைந்து, நம் பிள்ளைகளின் நாவில் குடியேறிவிடுகின்றன. பிள்ளை உண்ணும் பண்டம் எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரிக்கும் நாம், அவன் பேசும் சொல் எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பதுண்டா? கிரிக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு சற்றே விசாரித்துப் பார்ப்போம்.

பெரும்பாலான சொற்கள் குற்றமற்றவை; சுவையானவையும்கூட. ஓட்டம் எடுக்காமல் ஆட்டமிழந்தவரின் பெயருக்கு நேரே எழுதப்படும் சுழியம், வாத்து முட்டையைப் போல் தோன்றியதால் ‘டக்’ என்னும் சொல் பிறந்தது. நம் தெருப் பிள்ளைகள் ‘முட்டை’ என்று சொல்வதும் அதே உவமைதான். 1858ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் எச்.எச். ஸ்டீபன்சன் என்பவர் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூவரை வீழ்த்தினார். மகிழ்ந்தவர்கள் பணம் திரட்டி அவருக்கு ஒரு தொப்பி வாங்கி அளித்தனர். அந்தத் தொப்பிதான் ‘ஹாட்ரிக்’ என்னும் சொல்லுக்குள் இன்றளவும் இருக்கிறது.

ஆங்கிலேயர் மட்டுமே பெயர் சூட்டினர் என்பதில்லை. பாகிஸ்தானின் சக்லைன் முஷ்தாக், வழக்கமாகச் சுழலும் திசைக்கு மாறாகத் திரும்பும் பந்தொன்றை வீசி வந்தார். அதை வீசும்படி விக்கெட் காப்பாளர் மொயின் கான் ‘தூஸ்ரா’ என்று குரல் கொடுப்பார். ‘மற்றொன்று’ எனப் பொருள்படும் அந்த உருதுச் சொல், வர்ணனையாளர் டோனி கிரெய்க் வாயிலாக உலகெங்கும் பரவி, ஆங்கில அகராதியிலும் இடம்பிடித்தது. உலகம் ‘கேரம் பந்து’ என்றழைப்பதைச் சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் ஆடிய இளைஞர்கள் ‘சொடக்குப் பந்து’ என்றழைத்தார்கள். அந்தத் தெருக்களில் கற்ற வித்தையைத்தான் அஸ்வின் சர்வதேசத் திடலுக்குக் கொண்டு சென்றார்.

ஆனால், எல்லாச் சொற்களும் இவ்வாறு களங்கமற்றவை அல்ல. இடக்கைப் பந்துவீச்சாளர் மணிக்கட்டைச் சுழற்றி வீசும் பந்து நெடுங்காலம் ‘சைனாமேன்’ எனப்பட்டது. சீனரை ஏளனமாகக் குறித்த பழைய சொல் அது. மேற்கிந்தியத் தீவுகள் அணியின் எல்லிஸ் அச்சாங் சீன வம்சாவளியினர். 1933இல் மான்செஸ்டரில் அவருடைய பந்தில் ஆட்டமிழந்த இங்கிலாந்தின் வால்டர் ராபின்ஸ், அவரது இனத்தைச் சுட்டி ஏசியபடி வெளியேறினார் என்றும், அதுவே பந்தின் பெயராயிற்று என்றும் கூறுவர். அதற்கு முன்பே அச்சொல் வழங்கியது என்பாரும் உளர். எப்படியாயினும், ஓரினத்தாரின் பிறப்பு மற்றவர்களுக்கு விளையாட்டுச் சொல்லாயிற்று. பொருள் அறியாமலே எத்தனையோ பேர் அதைச் சொல்லி வந்தனர்.

2017இல் சீன வம்சாவளியைச் சேர்ந்த ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஒருவர் இதனை ஆட்சேபித்து எழுதினார். 1864 முதல் வெளிவரும் விஸ்டன் ஆண்டு நூல், 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சொல்லைக் கைவிட்டது. பந்து முன்போலவே சுழல்கிறது. ஆட்டத்திற்கு எந்த நட்டமும் இல்லை. அவ்வாறே, பெண்களும் ஆடும் ஆட்டத்தில் ‘பேட்ஸ்மேன்’ என்பது பொருந்தாது எனக் கருதி, விதிகளை வகுக்கும் மேரில்போன் கிரிக்கெட் கழகம் 2021இல் ‘பேட்டர்’ என்று மாற்றியது. பழகிய சொல் என்பதற்காக மட்டும் அதைச் சுமந்து திரிய வேண்டியதில்லை என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

இனி நம் தெருவுக்கு வருவோம். பந்தைத் தவறவிட்ட பிள்ளையை அவனுடைய நிறத்தைச் சொல்லியும், திக்குவாயைச் சொல்லியும், தகப்பனின் தொழிலைச் சொல்லியும் கூவி அழைப்பது காதில் விழுகிறதல்லவா? ஆட்டம் மாலையோடு முடிந்துவிடும். அந்தப் பெயரோ அவன் பள்ளிக்கூடம் போகும்போதும், கடைத்தெருவுக்குப் போகும்போதும், நாளை மாப்பிள்ளையாக அமரும்போதும் கூடவே வரும். விளையாட்டாகச் சொன்னோம் என்பது சொன்னவனுக்குச் சமாதானம், கேட்டவனுக்கு அல்ல.

ஆகவே வாப்பாமாரும் உம்மாமாரும் ஆட்டத்தைத் தடுக்க வேண்டாம். பிள்ளை புதுச்சொல் ஒன்றைக் கொண்டுவரும்போது, “இதற்கு என்ன பொருள்?” என்று அன்புடன் கேளுங்கள். தொப்பியின் கதையையும் சொல்லுங்கள். அச்சாங்கின் கதையையும் சொல்லுங்கள். எந்தச் சொல்லை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதை அவனே கண்டுகொள்வான். ஆட்டத்தின் விதிகளை மனப்பாடமாக அறிந்த பிள்ளைக்கு நாவின் ஒழுங்கு ஒன்றும் கடினமான பாடமல்ல.