வெள்ளிக்கிழமை இதழை யார் படிப்பது?

நிலம் வாங்குகிறவர் பத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பதில்லை. தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்பார். வில்லங்கச் சான்று எடுப்பார். பதிவாளர் முத்திரை வைத்தது பதிவு நடந்ததற்குத்தான் சாட்சி, விற்பவருக்கு உரிமை உண்டு என்பதற்கு அல்ல. இந்த எச்சரிக்கை நமக்கு ஊறிப்போனது. ஆனால், ஒரு மருந்துக்கு ‘காப்புரிமை இருக்கிறது’ என்றால் அதோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம்.

சட்டம் அப்படி முடித்துக்கொள்ளவில்லை. விண்ணப்பத்தைப் பரிசோதித்துவிட்டதாலேயே அந்தக் காப்புரிமை செல்லும் என்று உத்தரவாதம் தரப்பட்டதாகக் கொள்ளக் கூடாது என்கிறது, 1970ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 13(4) பிரிவு. நேர்மையான பிரிவு. 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட செய்திக்குறிப்பை இதன் அருகில் வைத்துப் படிக்க வேண்டும். அதற்கு முந்தைய ஓராண்டில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் வழங்கப்பட்டனவாம். சாதனை என்றுதான் சொல்லப்பட்டது. இத்தனையும் சரிதானா என்று வில்லங்கம் பார்ப்பது யார் வேலை என்ற கேள்வி அந்தக் குறிப்பில் இல்லை.

வில்லங்கம் பார்ப்பது எப்படி என்பதற்குச் சென்னையில் தொடங்கிய வழக்கு ஒன்றே போதும். ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்தின் (வணிகப் பெயர் கிளிவெக்) ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு, நோவார்டிஸ் நிறுவனம் 1998 ஜூலையில் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2005இல்தான் இங்கே மருந்துப் பொருள்களுக்குக் காப்புரிமை தரும் சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது; அதுவரை விண்ணப்பம் பெட்டியிலேயே இருந்தது. பிறகு புற்றுநோயாளிகள் நலச் சங்கம் ஒன்றும், நாட்கோ, சிப்லா, ரான்பாக்ஸி, ஹெட்டிரோ ஆகிய நிறுவனங்களும் எதிர்த்தன. நோவார்டிஸ் மருந்துக்கு மாதச் செலவு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். அதே மருந்தை இந்திய நிறுவனங்கள் 10,000 ரூபாய் அளவில் விற்றன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று சுற்றி, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது.

தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் 3(டி) பிரிவோடு நின்றுவிடுவார்கள். தெரிந்த பொருளின் புதிய வடிவம், நோயைக் குணமாக்கும் திறனைக் கூட்டவில்லை என்றால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்பது அதன் சாரம். படிக வடிவத்தை உடல் 30 சதவீதம் கூடுதலாக ஏற்கிறது என்றது நிறுவனம். அதனால் நோய் கூடுதலாகக் குணமாகிறது என்று காட்டவில்லையே என்றது நீதிமன்றம். இது முக்கியம்தான். ஆனால், எனக்குச் சுவையாகப் பட்ட பகுதி அதற்கு முன்பே வருகிறது. தாய்ப்பத்திரத்தைத் தேடும் பகுதி.

அந்தத் தாய்ப்பத்திரத்துக்குச் சிம்மர்மன் காப்புரிமை என்று பெயர். இமாட்டினிபையும் அதன் உப்புகளையும் சொல்லும் அமெரிக்கக் காப்புரிமை அது. மருந்தாக விற்கப்படும் மெசிலேட் உப்பு அதில் வெளிப்படவில்லை, அது பின்னால் வந்த புதுமை என்பது இங்கே நிறுவனத்தின் வாதம். நீதிமன்றம் நிறுவனத்தின் மற்ற ஊர்க் காகிதங்களைப் புரட்டியது. அமெரிக்காவில் இதே மருந்தைக் காட்டித்தான் சிம்மர்மன் காப்புரிமையின் ஆயுளை நீட்டிக் கேட்டிருந்தார்கள். பிரிட்டனில் நாட்கோ இம்மருந்தை விற்றபோது, சிம்மர்மன் காப்புரிமையை மீறுகிறாய் என்று நோட்டீஸ் அனுப்பியிருந்தார்கள். அங்கே ‘இது அதற்குள் அடக்கம்’. இங்கே ‘இது அதில் இல்லவே இல்லை’. ஒரே வயலுக்கு இரண்டு ஊரில் இரண்டு எல்லை. நாடு நாடாகச் சிதறிக்கிடக்கும் ஒரு நிறுவனத்தின் விண்ணப்பங்களை ஒரே மேசையில் பரப்பித் தேதி வாரியாக அடுக்கினால்தான் இது கண்ணில் படும். காப்புரிமைத் தொகுப்பை ஆராய்வது என்பது இதுதான். எண்ணுவது அல்ல, அடுக்குவது.

எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு ஹியூமிரா இருக்கிறது. முடக்குவாதத்துக்கான இந்த மருந்தின் அடிப்படைக் காப்புரிமை அமெரிக்காவில் 2016 இறுதியில் காலாவதியானது. ஆனால், தயாரிக்கும் முறை, கலவை, அளவு என்று அதைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளை ஆப்வி நிறுவனம் நட்டுவைத்திருந்தது. ஒன்றை வெட்டினால் அடுத்தது நிற்கும். போட்டி நிறுவனங்கள் ஒவ்வொன்றாக உடன்பாட்டுக்கு வந்தன. ஐரோப்பாவில் 2018 அக்டோபரில் கிடைத்த மாற்று மருந்து, அமெரிக்கச் சந்தைக்கு வந்தது 2023 ஜனவரியில். இத்தனை காப்புரிமைகள் வைத்திருப்பதே குற்றம் என்று போட்டிச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டவர்கள் 2022இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். எத்தனை வைத்திருக்கலாம் என்று சட்டத்தில் உச்சவரம்பு இல்லை என்றது நீதிமன்றம். அது சரியான பதில் என்றே நினைக்கிறேன். ஒவ்வொன்றாக எடுத்து, செல்லுமா செல்லாதா என்று கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. அங்கே, வழங்கப்பட்டது செல்லும் என்றே சட்டம் அனுமானிக்கிறது. நிரூபிக்கும் சுமை கேட்கிறவர் தலையில்.

போட்டி நிறுவனத்தை நம்பி இந்த வேலையை விட முடியாது. அதற்கு லாபம் வழக்கை வெல்வதிலும் இருக்கலாம், ராசியாகிப் போவதிலும் இருக்கலாம். நோயாளிக்கு அந்த இரண்டாவது வசதி கிடையாது. இந்தியச் சட்டத்தின் 25(1) பிரிவு, விண்ணப்பம் வெளியான நாளிலிருந்து காப்புரிமை வழங்கப்படும்வரை ‘எவரும்’ எதிர்க்கலாம் என்று கதவைத் திறந்துவைத்திருப்பதன் அருமை இங்கேதான். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கான பெடாகுவிலின் மாத்திரையின் அடிப்படைக் காப்புரிமை 2023 ஜூலையில் முடியவிருந்தது. ஒரு உப்பு வடிவத்தைக் காட்டி ஜான்சன் அண்டு ஜான்சன் அதை 2027வரை இழுக்கப் பார்த்தது. எதிர்த்தவர்களில் காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்களும் உண்டு. பழைய ஊசி மருந்து இருவரின் செவித்திறனையும் பறித்திருந்தது. 2023 மார்ச்சில் மும்பை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது.

அடுத்த ஆண்டே அந்தக் கதவு சற்றுச் சாத்தப்பட்டது. 2024 மார்ச்சில் வந்த புதிய விதிகளின்படி, முன்பு செலவில்லாமல் தாக்கல் செய்யப்பட்ட எதிர்ப்பு மனுவுக்கு இப்போது கட்டணம் உண்டு. மனு ஏற்கத்தக்கதா என்று அதிகாரி முதலிலேயே முடிவுசெய்வார். காப்புரிமை பெற்றவர் அதை இந்தியாவில் பயன்படுத்துகிறாரா என்று ஆண்டுதோறும் கொடுத்துவந்த அறிக்கை, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையாகிவிட்டது. பினாமி பெயர்களில் அடுத்தடுத்து மனுப் போட்டு விண்ணப்பங்களை இழுத்தடிக்கிறார்கள் என்பது அரசுத் தரப்பு நியாயம். பொய்யான புகார் அல்ல, அப்படி நடந்திருக்கிறது. ஆனால், பினாமிக்குப் பின்னால் இருப்பவருக்குக் கட்டணம் ஒரு பொருட்டா? தடுக்கி விழப்போவது நோயாளிச் சங்கம்தான். இழுத்தடிப்பைத் தடுக்க வேண்டுமானால் மனுவுக்குக் காலக்கெடு வைக்கலாம். தீய நோக்கம் தெரிந்தால் பின்னால் அபராதம் போடலாம்.

காப்புரிமை அலுவலகத்தின் இதழ் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இணையத்தில் வெளியாகிறது. யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஒரு விண்ணப்பம் அதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதம் முடியும்வரை காப்புரிமை வழங்கக் கூடாது என்கிறது விதி. நிறுவனங்கள் அதைப் படிக்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கின்றன. நமது பொது மருத்துவமனைகளுக்கு ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் மருந்து வாங்கும் எந்த அரசுக் கழகத்திலாவது, அந்த வேலைக்கென்று ஒரு நாற்காலி போடப்பட்டிருக்கிறதா?